ஐதரேற்று மணலைக் கணினியில் மாதிரிப்படுத்தல்: திருகோணமலைக் கேள்விகளுக்குப் பதில்

உவர்மலை: சேர், அமுக்கத்தைக் குறைச்சா மீதேன் ஐதரேற்று சிதைஞ்சு வாயு வரும். மண் ஏன் அமிழுது?

மீதேன் ஐதரேற்று என்றது நீர் மீதேனை உள்ளே பூட்டி வைத்த, பனிக்கட்டி போன்ற திண்மம். கணக்கைப் போட்டுப் பாருங்கோ தம்பி. கடல் 1000 மீற்றர், அதுக்குக் கீழே படிவு 300 மீற்றர். மணல் மணிகளுக்கிடையே உள்ள துளைநீரின் அமுக்கம் ஏறத்தாழ 13 மெகாபஸ்கால். மேலே கிடக்கிற நீரும் மண்ணும் தருகிற மொத்தத் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் வரும் விசை) 15.7 அளவு. மணிகள் தாங்குறது மிச்சம் 2.7 மட்டும்தான். வாயு எடுக்கிற கிணற்றடியில் அமுக்கத்தை 4.5க்கு இறக்கினால் அதே மணிகள் 11க்கு மேல் தாங்கவேணும். அந்த நேரம் பார்த்துத்தான் மணிகளைப் பிணைச்சு வைத்த ஐதரேற்றும் போகுது.

நிலாவெளி: மண் எப்ப வெட்டுப்பட்டு உடையும் என்று பிணைவையும் உராய்வையும் வைத்துச் சொல்லுற மோர்-கூலோம் விதி காணுமா?

முதல் ஓட்டத்துக்குக் காணும். ஐதரேற்று நிரம்பல் (துளைகளில் ஐதரேற்று பிடிச்ச பங்கு) கூடக் கூடப் பிணைவைக் கூட்டுங்கோ. உராய்வுக் கோணம் பெரிதாக மாறாது. அமிழ்வுதான் முக்கியமென்றால் ஊச்சிடா, சோகா, யமமோட்டோ 2012இல் தந்த அவதிநிலை மாதிரிக்குப் போங்கோ; அது மண்ணின் கனவளவு மாற்றத்தையும் சேர்த்துக் கணிக்கும்.

மூதூர்: ஐதரேற்றுச் சிதைந்ததும் என்ட கணினி நிரலில் தகைப்பு திடீரென்று விழுந்து, கணிப்பு குலையுது.

'தகைப்பு = விறைப்பு × மொத்த விகாரம் (உருமாற்ற அளவு)' என்று எழுதியிருப்பீங்கள். அப்ப விறைப்புக் குறைய, மணல் தாங்குற பங்கும் சேர்ந்து விழும். அது பிழை. ஐதரேற்று உருவாகும்போதே மேற்பாரம் மணலில்தான் இருந்தது. ஐதரேற்று தாங்குறது தான் உருவான பிறகு வந்த விகாரத்தை மட்டும். ஆகவே ஒவ்வொரு படியிலும் அதிகரிப்பாக எழுதி, சிதைந்த பங்கு தாங்கின தகைப்பை மட்டும் தனியாகக் கழியுங்கோ. ஒரு படியில் நிரம்பல் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் மாறாமல் நேரப்படியைச் சின்னதாக்குங்கோ. இது ஐதரேற்று சிதைஞ்சு கொண்டிருக்கிற எல்லையில் மட்டும் தேவைப்படும் கண்டிப்பு. மற்ற இடத்தில் தாராளமாய் விடலாம்.

கிண்ணியா: அமுக்கத்தை இன்னும் இறக்கினால் வாயு கூடுமே?

கூடும். ஆனால் சிதைவு வெப்பத்தை உறிஞ்சும், 2.6 மெகாபஸ்காலுக்குக் கீழே போனால் துளைகளில் பனிக்கட்டி கட்டி வழி அடைபடும். மணலும் வரும்: 2013 மார்ச்சில் ஜப்பானின் நங்காய் அகழியில் ஆறு நாளில் 1,20,000 கனமீற்றர் அளவு வாயு எடுத்த பரிசோதனை மணல் புகுந்துதான் நின்றது. கிணற்றோரம் கணிப்புக்குப் போடுற கட்ட வலை மிக நுணுக்கமாய் இருக்கவேணும், இல்லையென்றால் அந்த வெட்டு விகாரம் கணிப்பில் தெரியாமலே போய்விடும்.

சீனன்குடா: உயரமுக்கக் கலம் இல்லாமல் ஆய்வுகூடத்தில் என்ன செய்யலாம்?

நிறைப்படி 19% டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான் திரவம் கலந்த நீர், 4.4 பாகைக்குக் கீழே சாதாரண அமுக்கத்திலேயே ஐதரேற்றாகும். வலிமைக்கு நல்லது. வாயு வராதபடியால் அமுக்கம் குறைக்கும் சோதனைக்கு உதவாது. ஆவி தீப்பிடிக்கும், கவனம் தங்கச்சி.

கோணேசர் கோயிலடி: எங்கட குடாக் கடலடியில் ஆழப் பள்ளத்தாக்கு இருக்கே, இந்த மாதிரியை அங்க போட்டுப் பார்க்கலாமா?

ஆழமும் குளிரும் இருந்தால் நிலைக்கலாம், மீதேனும் வேணுமே. துளைத்தெடுத்த மண் இல்லாமல் எண்களை எங்கிருந்து போடுவீங்கள்? இந்தியாவின் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில்கூட ஐதரேற்று 2006இல் களியின் பிளவுகளிலும், 2015இல் மணலிலும் கிடைத்தது. பிளவுகளில் ஐதரேற்று நிரம்பின களிக்கு மேலே சொன்ன மணல் மாதிரி பொருந்தாது.