ஓட்டல் பக்குவம் வீட்டில் வருமா?

கேள்வி: அதே காய், அதே மசாலாதான். ஆனாலும் ஓட்டலில் வதக்கிய காய் பொன்னிறமாக, மணமாக இருக்கிறது. நான் வதக்கினால் தண்ணீர் விட்டு சொதசொதவென்று ஆகிவிடுகிறது. அப்படி என்னதான் போடுகிறார்கள் சார்?

பதில்: எண்ணெயும் வெண்ணெயும் தாராளமாகப் போடுகிறார்கள் அம்மா. அது உங்களுக்கு வேண்டாம். வாணலியில் காயைக் கொஞ்சமாகப் போடுகிறார்கள் பாருங்கள், அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

காய் நன்றாகச் சிவக்க சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மேலே ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியிலேயே நிற்கும். காய் வதங்காது, வேகத்தான் செய்யும். ஓட்டல் அடுப்பின் தீ ஈரத்தைச் சட்டென்று விரட்டிவிடும். வீட்டு அடுப்புக்கு அந்த வேகம் கிடையாது. அதனால் கழுவிய காயைத் துணியில் நன்றாக ஒற்றியெடுங்கள். வாணலி காய்ந்த பிறகு, ஒரே அடுக்காக, இடைவெளி விட்டுப் பரப்புங்கள். போட்டதும் 'சுர்ர்' என்று கேட்க வேண்டும். சத்தம் அடங்கிப்போனால் கூட்டம் அதிகம், பாதியை எடுத்துவிடுங்கள். இரண்டு தடவையாக வதக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம், கரண்டியைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். ஓயாமல் கிளறினால் எந்தப் பக்கமும் சிவக்காது. உப்பு நீரை இழுக்கும்; காய் சிவந்த பிறகு போடுங்கள்.

இறக்குமுன் ருசி பாருங்கள். உப்பு சரியாக இருந்தும் சப்பென்று தோன்றினால், அடுப்பை அணைத்துவிட்டுச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள்.