பொலிஸார் எடுத்துச் சென்ற அப்பாவின் கத்திகளை மீட்பது எப்படி?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறோம். காலஞ்சென்ற அப்பா சேர்த்த பேனாக்கத்திகள், கடற்படை மடக்குக்கத்திகள், பயனெட்டுகள் (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்திகள்) என 34 வீட்டில் இருந்தன. அயலவர் முறைப்பாடொன்றை விசாரிக்க வந்த பொலிஸார் 11ஐக் கொண்டுபோய்விட்டனர். பற்றுச்சீட்டு இல்லை, 2 மாதமாக வழக்கும் இல்லை. கேட்டால் "பிறகு வாங்கோ" என்கிறார்கள்.

பதில்: இனி அங்கே அலையாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவின்படி, பொலிஸார் கைப்பற்றிய பொருளை உடனடியாக நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். உரித்தாளரிடம் ஒப்படைக்கும் கட்டளையை அவரே பிறப்பிப்பார். அறிக்கை போயிருக்கிறதா என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றப் பதிவகத்தில் பாருங்கள். போயிருந்தால் அந்த வழக்கிலக்கத்திலும், போகாவிட்டால் அதையே சொல்லியும், சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (கட்டளை கேட்டு மன்றுக்குக் கொடுக்கும் எழுத்து விண்ணப்பம்) போடுங்கள்.

கூடவே ஒரு சத்தியக்கடதாசி வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது இங்கேதான். "11 கத்திகள்" என்று மட்டும் எழுதினால் எது உங்களுடையது என்று நீதவானால் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் அலகின் நீளம், பிடியின் பொருள், பொறித்த எழுத்து, ஆண்டு, பழைய படம் இருந்தால் அதுவும் வேண்டும். கத்தியில் அகன்ற அம்புக்குறி பொறித்திருந்தால், அது பிரித்தானிய அரச உடைமையின் அடையாளம். 1957 வரை அவர்களின் கடற்படைத் தளம் இருந்த ஊரில் அப்படியொரு கத்தி வீட்டில் கிடப்பது வியப்பல்ல என்று விளக்கலாம். இலங்கைப் படையின் குறி ஏதும் இருந்தால், உரிமை கோருமுன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அது அரச சொத்து என்ற கேள்வியைக் கிளப்பும். அப்பாவின் மரணச் சான்றிதழும் அம்மாவினதும் சகோதரங்களினதும் சம்மதமும் சேரட்டும்.

துப்பாக்கிக்கான அனுமதிப்பத்திரம் கத்திக்குப் பொருந்தாது. ஆனால் வாக்குமூலத்தில் "பாதுகாப்புக்கும் உதவும்" என்று வாய்தவறிச் சொன்னால் சேகரிப்பு ஆயுதமாகிவிடும். அப்பாவின் சேகரிப்பு என்ற உண்மையை மட்டும் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதியதை விளங்காமல் ஒப்பமிடவேண்டாம். தமிழில் பதியக் கேளுங்கள். மீதி 23ஐயும் வீதியில் கொண்டு திரியாதீர்கள்.

சான்றுப்பொருட்களைத் தோலுறையிலிருந்து கழற்றி, எண்ணெய் தடவி வைக்கவும் கட்டளை கேளுங்கள். தோல் கடற்கரை ஈரத்தைப் பிடித்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். மன்று மறுத்தால் திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கோரலாம்.

1815 மார்ச் 2க்கு முந்திய கண்டிக் கத்தி ஏதும் இருந்தால் அது தொல்பொருள். அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.