மைக்ரோவேவைக் கழற்றுகிறவரிடம் சில கேள்விகள்

திருச்சியில் இருபத்திரண்டு வருஷமாக மைக்ரோவேவ் பழுது பார்க்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும், நான் ஸ்க்ரூவைக் கழற்றி முடிப்பதற்குள் யாராவது பக்கத்தில் வந்து நின்று, "இது உடம்புக்கு ஆகுமா?" என்று கேட்பார்கள். அதனால் இந்த முறை கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, மைக்ரோவேவில் சுடவைத்த சாப்பாட்டில் கதிர்வீச்சு தங்கிவிடும், கேன்சர் வரும் என்று மாமியார் அதைத் தொடவே விடுவதில்லை. உண்மையா?

தங்காதும்மா. விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா? அப்படித்தான் இதுவும். 'கதிர்வீச்சு' என்ற சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். எக்ஸ்ரே, காமா கதிர்கள் அணுவிலிருந்து எலக்ட்ரானையே பிய்த்துவிடும், மரபணுவைச் சேதப்படுத்தும். மைக்ரோவேவ் ரேடியோ அலை ஜாதி. 2.45 கிகாஹெர்ட்ஸ், அதாவது உங்கள் வீட்டு வைஃபை ஓடுகிற அதே அலைவரிசைப் பக்கம். வெளிச்சமானாலும் இந்த அலையானாலும் சின்னச் சின்ன ஆற்றல் துகள்களாகத்தான் வரும். துகளுக்குத் துகள் பார்த்தால், டியூப்லைட் வெளிச்சத்துக்கு இருக்கும் ஆற்றலில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை. சாப்பாட்டில் உள்ள தண்ணீரை ஆட்டிச் சூடாக்கத்தான் அதற்குத் தெரியும்.

மாமியாரிடம் இதையெல்லாம் சொல்லி மல்லுக்கு நிற்க வேண்டாம். என் அம்மாவும் கடைசி வரை பழைய குழம்பை அடுப்பில்தான் சுண்ட வைத்தார். ருசி விஷயத்தில் அவர் சொன்னதே சரி.

ரஷ்யாவில் 1976-லேயே தடை செய்துவிட்டார்களாமே?

அந்த ஃபார்வர்டு எனக்கும் பத்துத் தடவை வந்துவிட்டது. ரஷ்யக் கடைகளில் மைக்ரோவேவ் தாராளமாக விற்கிறது. சரி, அடுத்தது.

போனை உள்ளே வைத்து, கதவை மூடி, இன்னொரு போனிலிருந்து அழைத்தேன். மணி அடித்தது! அப்படியானால் கதவு லீக் ஆகிறது என்றுதானே அர்த்தம்?

இந்தச் சோதனையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, பாதி ஊர் செய்து பார்த்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு வாட்டை லட்சம் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கு கிடைத்தாலே போனுக்கு சிக்னல் போதும். அவ்வளவு கூர்மையான காது அதற்கு. கதவு பத்தாயிரத்தில் ஒரு பங்கு அலையை விட்டாலும் போன் அடிக்கும். உள்ளேயிருந்து 800 வாட்டில் அதே பத்தாயிரத்தில் ஒரு பங்கு வெளியே வந்தால் 0.08 வாட். நீங்கள் காதில் வைத்துப் பேசும் போன் அதைவிட அதிகமாகவே, 0.2 வாட் வரை அனுப்பும்.

இன்னொன்று, கதவு ஓரத்தில் உள்ள பள்ளம் மைக்ரோவேவின் சொந்த அலைக்கென்றே அளவெடுத்துச் செய்தது. போன் கோபுரத்தின் அலை வேறு அளவு. கண்ணாடிக்குள் தெரியும் வலையும் அப்படித்தான்: அலையின் நீளம் 12 சென்டிமீட்டர், வலையின் ஓட்டை ஒன்று இரண்டு மில்லிமீட்டர். வெளிச்சம் வரும், இது வராது.

சந்தேகம் இருந்தால் கண்ணால் பாருங்கள். கீல் வளைந்து கதவு சாய்ந்திருக்கிறதா, விளிம்பில் உடைசலோ கருகலோ இருக்கிறதா, தாழ்ப்பாள் ஆடுகிறதா? இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். லீக்கேஜ் மீட்டர் வைத்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவோம். அப்புறம், போனை உள்ளே வைத்தபடி மறந்துபோய் ஸ்டார்ட்டை அமுக்கிய ஒருவரையும் எனக்குத் தெரியும். போனும் போச்சு, மைக்ரோவேவும் போச்சு.

என் பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு தட்டு சுற்றுவதை வேடிக்கை பார்க்கிறான். கண்ணுக்குக் கெடுதலா?

கண்ணின் லென்ஸில் ரத்த ஓட்டம் இல்லை. சூடு ஏறினால் சீக்கிரம் இறங்காது. அதனால்தான் பலமான மைக்ரோவேவுக்குக் கண் பயப்பட வேண்டும் என்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் 1971 முதல் உள்ள விதிப்படி, மைக்ரோவேவ் எவ்வளவு பழையதானாலும் வெளியே கசியும் அலை 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. நல்ல கதவில் அதற்கும் ரொம்பக் கீழேதான் காட்டும். அரை மீட்டர் தள்ளி நின்றால் அதுவும் நூறில் ஒரு பங்காகிவிடும். பையனை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எனக்கு அலையைவிட, அவன் தட்டை இழுத்து மேலே கொட்டிக்கொள்வானோ என்பதுதான் கவலை.

காபிக்குத் தண்ணீர் வைத்தேன். கொதிக்கவே இல்லையே என்று எடுத்துத் தூள் போட்டதும் முகத்தில் பீறிட்டு அடித்தது. மைக்ரோவேவ் கோளாறா?

கோளாறு இல்லை, ஆனால் இந்தப் பெட்டியில் நான் நிஜமாகப் பயப்படும் விஷயம் இதுதான். அடுப்பில் பாத்திரத்தின் அடியிலிருந்து குமிழி கிளம்பும். வழவழப்பான புதுக் கண்ணாடி டம்ளரில் குமிழி பிடித்துக்கொள்ள இடமே இல்லை. தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டிய பிறகும் அசையாமல் சாதுவாக உட்கார்ந்திருக்கும். கரண்டியோ தூளோ பட்டவுடன் மொத்தமும் ஒரே நேரத்தில் பொங்கும். என் கையில் மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் தழும்பு இப்படி வந்ததுதான். ஒரு மைக்ரோவேவைச் சரிசெய்துவிட்டு, சூடாகிறதா என்று தண்ணீர் வைத்துப் பார்த்தபோது பட்டது.

மரக்கரண்டி ஒன்றை உள்ளே போட்டு வையுங்கள். நேரத்தைக் குறைத்து வையுங்கள். நின்ற பிறகு அரை நிமிடம் அப்படியே விட்டுவிட்டு எடுங்கள். முழு முட்டையும் இதே கதைதான், வெளியே எடுத்த பிறகுகூட வெடிக்கும்.

எந்தப் பாத்திரம் வைக்கலாம்? பிரியாணி வந்த டப்பாவோடு வைக்கலாமா?

அலுமினிய டப்பா வேண்டாம், பொறி பறக்கும். எவர்சில்வரில் அலை நுழையாது, மேலே மட்டும்தான் சுடும். ஓரத்தில் தங்கக்கோடு போட்ட பீங்கான் தட்டிலும் பொறி வரும். கடைப் பொட்டலத்தில் ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா பாருங்கள், அதை மறந்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் அதிகம். பிளாஸ்டிக்கில் அடியில் 5 என்று முக்கோணத்துக்குள் இருந்தால் பொதுவாகத் தாங்கும். ஆனாலும் எண்ணெய்க் குழம்பைப் பிளாஸ்டிக்கில் சுடவைக்க எனக்கு மனம் வராது. மெலமைன் தட்டு கூடவே கூடாது. கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வாங்கிவிடுங்கள், வேலை முடிந்தது.

குழந்தைக்குப் பால் சூடாக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. புட்டி தொட்டால் இளஞ்சூடாக இருக்கும், நடுவில் பால் கொதித்துக்கொண்டிருக்கும். வெந்நீரில் புட்டியை நிறுத்தி வையுங்கள்.

சார், யூடியூப் பார்த்து நானே ஃபியூஸ் மாற்றலாம் என்று நினைக்கிறேன். பிளக்கைக் கழற்றிவிட்டால் ஆபத்து இல்லைதானே?

தம்பி, தயவு செய்து வேண்டாம். டிவி, மிக்ஸி எதை வேண்டுமானாலும் திறந்து பழகு, இதை மட்டும் விட்டுவிடு. அலையை உண்டாக்கும் மேக்னட்ரானை ஓட்ட உள்ளே நாலாயிரம் வோல்ட் வரை போகிறது. அந்த மின்சாரம், அதைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் தங்கிவிடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். நான் வேலை கற்ற கடையில் சீனியர் ஒருவர் அதில் தங்கிய மின்சாரத்தை இறக்காமல் கை வைத்தார். பெஞ்சிலிருந்து சுவர் வரை தூக்கி எறிந்தது. பிழைத்தது அதிர்ஷ்டம்.

பழைய மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து மரப்பலகையில் மின்னல் கோலம் போடும் வீடியோக்களைப் பார்த்திருப்பாய். அமெரிக்காவில் அதைச் செய்துபார்த்துப் பலர் இறந்திருக்கிறார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. கதவுக்குப் பின்னால் மூன்று மைக்ரோ சுவிட்ச் இருக்கும். முதல் இரண்டு சரியாக வேலை செய்யாவிட்டால், மூன்றாவது வேண்டுமென்றே ஃபியூஸை எரித்துவிடும். அதனால் ஃபியூஸ் போனால் கதவு சுவிட்சையும் பார்க்க வேண்டும். புது ஃபியூஸ் மட்டும் போட்டால் நோயை விட்டுவிட்டு மாத்திரையை மாற்றுவது போல.

தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது.

எர்த் இல்லை. உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் மூன்று பின் பாயின்டில் எர்த் வருகிறதா பாருங்கள். அதுவரை தொடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மைக்ரோவேவோடு கிரைண்டரையும் மாட்டுகிற வீடுகளை நான் தினமும் பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். ஓடி முடித்த பிறகும் உள்ளே எறும்பு உயிரோடு ஊர்கிறது. அப்படியானால் சூடே ஆகவில்லையா?

சூடாகிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. உள்ளே அலை ஓரிடத்தில் பலமாகவும் பக்கத்திலேயே பலமின்றியும் நிற்கும். தட்டு சுற்றுவதே அதற்காகத்தான். எறும்பு தக்கனூண்டு, அதன் உடம்பு வாங்கும் சூடும் கொஞ்சம்தான், சமாளித்துக்கொள்ளும். எறும்பைப் பற்றிக் கவலை வேண்டாம், துடைத்துவிடுங்கள். பின்பக்கக் காற்று ஓட்டை வழியாகப் பல்லி நுழைந்து போர்டில் படுத்தால்தான் எனக்கு போன் வரும்.