நீளமான, தட்டையான நேர் முடி: 14 வயது மகளுக்கு அப்பா எப்படித் தலை வாரிவிடலாம்?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு அப்பா. மகளுக்கு 14 வயது. முடி இடுப்புக்குக் கீழே போகிறது, எங்கேயும் ஒரு நெளிவு கிடையாது. தலையோடு ஒட்டிக் கிடக்கிறது, கிளிப் போட்டால் வழுக்கி விழுகிறது, பின்னல் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துபோகிறது. பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுகிறாளாம். அம்மா வெளிநாட்டில் வேலை. "சாதாரண மூன்று கால் பின்னலைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

மூன்று கால் பின்னல் தெரியுமென்றால் உங்களுக்குக் கை வரும், பயப்படாதீர்கள். நான் திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம், வீட்டிலேயே மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். சாமத்திய வீடு, அரங்கேற்றம் என்று இந்த வயதுப் பிள்ளைகள்தான் என் கதிரையில் அதிகம் உட்காருகிறார்கள். என் அக்காவின் மகளுக்கும் இதே முடிதான்.

இந்த முடிக்கு ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஈர முடி எந்த நிலையில் காய்கிறதோ அந்த நிலையில்தான் நிற்கும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள்ளே இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் நனைந்தால் விட்டுப்போகும், காயும்போது திரும்பப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லட்டுமா? பிள்ளை முழுகிவிட்டு வந்து, துவாயால் துடைத்து, சீப்பால் நேரே கீழே இழுத்து, முதுகில் போட்டுக்கொண்டு திரிவாள். இடுப்பளவு முடி நனைந்தால் நல்ல பாரம். அந்தப் பாரம் வேரைக் கீழே இழுத்துப் பிடித்திருக்க, முடி மண்டையோடு படிந்து காய்ந்துவிடும். அதற்குப் பிறகு சீப்பும் கிளிப்பும் எடுத்து என்ன பாடுபட்டாலும் அது எழும்பாது. வேலை செய்ய வேண்டிய நேரம் முழுகி முடித்த அந்த ஒரு மணித்தியாலம்தான்.

அதற்கு முன்னால் எண்ணெய்க் கதை. இதில் வீட்டிலிருக்கும் அம்மம்மாவோடு சண்டை வரும், தயாராக இருங்கள். சுருள் முடியில் தலைத்தோலின் எண்ணெய் வளைவுகளில் தடங்கி மெதுவாகத்தான் இறங்கும். நேர் முடியில் அப்படித் தடையில்லை, சீக்கிரம் பரவிவிடும். பருவ வயதில் ஹோர்மோன் மாற்றத்தால் அந்த எண்ணெய் சுரப்பதும் கூடும். இதற்கு மேலே காலையில் உச்சியில் ஒரு கை தேங்காய் எண்ணெயை வைத்துத் தேய்த்து அனுப்பினால் முடி ஒட்டாமல் என்ன செய்யும்? எண்ணெயை நிறுத்தச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றுங்கள். முழுகுவதற்கு முதல் நாள் இரவு, காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கும் நுனிக்கும் வையுங்கள். முடிக்குள் ஊறிப் போய் நனையும்போது ஏற்படும் சேதத்தைக் குறைப்பதில் தேங்காய் எண்ணெய் நல்லதுதான், அம்மம்மா சொல்வதில் பிழையில்லை. பள்ளிக்கூடம் போகும் காலையில் மட்டும் உச்சிக்கு வேண்டாம்.

ஷாம்பூ தலைத்தோலுக்கு, கண்டிஷனர் நுனிக்கு. பல பிள்ளைகள் கண்டிஷனரை உச்சியில் கொட்டித் தேய்க்கிறார்கள், பிறகு முடி எழும்பவில்லை என்று அழுகிறார்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதிலுள்ள உப்புகளும் முடியில் படிந்து சோர்வாக்கும். கடைசி வாளி மட்டும் நல்ல தண்ணீரில் ஊற்றச் சொல்லுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து அலசி, பிறகு வெறும் தண்ணீர் ஊற்றினாலும் சரி. தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் மட்டும் நிற்கக் கூடாது, தோல் புண்ணாகிவிடும்.

இனி அந்த ஒரு மணித்தியாலம். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பழைய பருத்தி ரீசேர்ட் இன்னும் நல்லது. பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏறி வந்து சிக்கெடுங்கள். பிள்ளை வழக்கமாக நேர் உச்சி எடுக்கிறவள் என்றால் அதை அழித்துவிட்டு, முடியை முழுக்க ஒரு பக்கமாகப் புரட்டிப் போடுங்கள். பாதி காய்ந்ததும் மற்றப் பக்கம் புரட்டுங்கள். காய்ந்த பிறகு பழைய இடத்தில் உச்சி எடுத்தால், எதிர்ப்பக்கம் படுத்துக் காய்ந்த வேர்கள் நிமிர்ந்து நிற்கும். குனிந்து முடியை முன்னால் தொங்கவிட்டு ஃபானுக்கு முன்னால் காயவிடுவதும் இதே வேலைதான். எது செய்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: மேலே தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். விரல்களை முடிக்குள் விட்டு மண்டையோடு வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் வேர் இன்னும் காயவில்லை. இந்த நேரத்தில் அவசரப்பட்டுப் பின்னினால் அவ்வளவு பாடும் வீண்.

உச்சந்தலை இன்னும் எழும்ப வேண்டுமென்றால் ஃபான்சி கடையில் விற்கும் சின்ன நண்டுக் கிளிப் போதும். வேர் ஈரமாக இருக்கும்போது உச்சந்தலையில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியை எடுத்து, நேரே மேலே தூக்கி, அடியில் கிளிப்பைக் கொடுத்து நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் இன்னொன்று. காய்ந்ததும் கழற்றிவிட்டு, சீப்பு போடாமல் விரலால் மட்டும் கோதிவிடுங்கள்.

நெளி முடி வேண்டும் என்று கேட்பாள், இந்த வயதில் கேட்காத பிள்ளை இல்லை. சூட்டுக் கருவி இல்லாமலே செய்யலாம். பழைய வேட்டியில் நான்கு விரல் அகலத்தில் ஒரு நீளத் துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். இரவில், முடி முக்கால்வாசிக்கு மேல் காய்ந்து இலேசான ஈரம் மட்டும் இருக்கும்போது, அந்தத் துண்டை உச்சந்தலைக்குக் குறுக்கே போட்டு இரண்டு காதுப் பக்கமும் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு பக்க முடியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சேர்த்து அதில் சுற்றிக்கொண்டே போய், நுனியைத் துணியோடு மடித்துக் கட்டிவிடுங்கள். நுனியை மடிக்காவிட்டால் மேலே நெளிவு, கீழே ஈர்க்குக் குச்சி மாதிரி நேர் நுனி என்று பார்க்கவே பாவமாக இருக்கும். முழு ஈரத்தில் சுற்றினால் விடிந்தாலும் உள்ளே காயாது. காலையில் அவிழ்த்ததும் நெளிவு மிக அதிகமாகத் தெரியும், சீவிவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும்.

ஆனால் இது காலநிலையைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் நெளிவு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடை மழைக் காலத்தில் காற்று முழுக்க ஈரம், அந்த ஈரமே பிணைப்புகளை விடுவித்துவிடும். வீட்டில் ஜோராக இருக்கிற நெளிவு கோணேசர் கோயில் படியேறும்போது பாதி போயிருக்கும். அந்த மாதங்களில் கட்டுகிற அலங்காரம்தான் சரி. இன்னொன்று, இடுப்பளவு முடியில் வேரிலிருந்து சுருள் நிற்காது, பாரம் விடாது. காதுக்குக் கீழே அலை நின்றாலே வெற்றி.

கடல் பக்கத்தில் இருப்பதில் ஒரு இலாபம் உண்டு. நிலாவெளியில் கடல் குளித்த அன்று பின்னேரம் அவளுடைய முடியைத் தொட்டுப் பாருங்கள், மற்ற நாளைவிடத் தடிப்பாக, சொரசொரப்பாக இருக்கும். உப்பு இழைகளில் படிந்து ஒன்றோடொன்று வழுக்காமல் பிடிக்கிறது. ஒரு கப் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஸ்பிரே போத்தலில் விட்டு, நடுப்பகுதிக்கு மட்டும் தெளித்துக் கசக்கிவிட்டால் அதே பிடிப்பு வரும். தினமும் வேண்டாம், முடி வறண்டு நுனி வெடிக்கும். கடைகளில் கடல் உப்பு ஸ்பிரே என்று விற்பதும் அடிப்படையில் இதுதான்.

பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல், ரிபன், வேறு பேச்சில்லை. அதற்குள்ளேயே கொஞ்சம் செய்யலாம். முழுகிய அன்றே பின்னாதீர்கள், அடுத்த நாள் முடியில் பிடிப்பு அதிகம். முடியாதென்றால் கையை நனைத்துக்கொண்டு பின்னுங்கள். காதுக்கு மேலிருந்தே தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்து முடியைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வந்தால் முன்முடி தப்பாது. கட்டி முடிந்ததும் ஒரு கையால் நுனியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பின்னலின் ஒவ்வொரு கண்ணியின் ஓரத்தையும் இலேசாக வெளியே இழுத்துவிடுங்கள். மெல்லிய பின்னல் ஒன்றரை மடங்கு தெரியும், ஒரு ஆசிரியரும் பிழை சொல்ல முடியாது. நெற்றி இழுபடுகிற அளவுக்கு இறுக்க வேண்டாம். நாள்தோறும் இறுக்கிக் கட்டினால் முன் ஓரத்தில் முடி கொட்டத் தொடங்கும், நெடுநாள் போனால் திரும்ப முளைக்காமலும் போகலாம்.

கறுப்புப் பின்னுக்கு ஒரு நேர்ப் பக்கமும் ஒரு நெளிப் பக்கமும் இருக்கிறதல்லவா? நெளிப் பக்கம் மண்டையைப் பார்த்து இருக்க வேண்டும். பெரும்பாலானோர் மாறிக் குத்துகிறார்கள், பிறகு வழுக்குகிறது என்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காகக் குத்தினால் அசையாது.

உங்களுக்காகவே ஒன்று சொல்கிறேன், கயிற்றுப் பின்னல். கடல் தொழில் பக்கத்து ஆள் என்றால் சொல்லித்தரவே தேவையில்லை. உயரக் குதிரைவால் கட்டி அதை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு புரிகளையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்குங்கள், பிறகு ஒன்றை மற்றதன் மேல் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். எதிரெதிர் முறுக்கு என்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே பக்கம் முறுக்கி ஒரே பக்கம் சுற்றினால் கையை விட்டதும் அவிழ்ந்துவிடும். நேர் முடியில் இது வரும் அழகு வேறு முடியில் வராது, பளபளவென்று ஒவ்வொரு புரியும் தனியாகத் தெரியும். கடற்கரைக் காற்றுக்கும் தாங்கும். கலியாண வீட்டுக்கு அதையே சுற்றிக் கொண்டையாக்கிப் பின் குத்திவிடலாம்.

பூ வைக்கிறதென்றால் கனமான சரத்தை உச்சியில் வைக்காதீர்கள், எழுப்பிவிட்ட வேரெல்லாம் படுத்துவிடும். பின்னல் தொடங்கும் இடத்தில், ரப்பர் பாண்டின் மேல் குத்துங்கள்.

வெட்டுவது பற்றி. நுனி ஒரே நேர்கோட்டில் இருந்தால் பாரம் முழுக்கக் கீழே தொங்கும். நாடிக்குக் கீழே தொடங்கும் நீளமான லேயர் வெட்டினால் முன்பக்கம் இலேசாகும், பின்னால் நீளமும் போகாது. மெல்லிய முடி என்றால் பல் கத்தரிக்கோலால் அடர்த்தியைக் குறைக்க விடாதீர்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும், கூட வெட்டினால் பள்ளிக்கூடப் பின்னலுக்கு எட்டும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு வெட்டுவது என்பதை அவளிடம் கேளுங்கள். சலூனுக்கு மாமியோ சின்னம்மாவோ கூடப் போனால் அவள் வாய் திறந்து பேசுவாள். நீங்கள் வெளியே இருந்தால் போதும்.

சூட்டுக் கருவி விசேஷ நாட்களுக்கு மட்டும். முழுக்கக் காய்ந்த முடியில், 180 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல். ஈர முடியில் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் கொதித்து இழையே வெடிக்கும். நிரந்தரச் சுருள் போட்டுவிடலாமா என்று கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அது உடைப்பது நான் மேலே சொன்ன இலேசான பிணைப்புகளை இல்லை, கந்தகப் பிணைப்புகளை. அவை தண்ணீர் பட்டுத் திரும்பி வராது. பிடிக்கவில்லையென்றால் வளர்ந்து வெட்டும்வரை வழியில்லை, இதற்கிடையில் வேரிலிருந்து புது முடி நேராகத்தான் வரும். இந்த வயதில் அவளுக்குப் பிடித்தது மூன்று மாதத்தில் மாறும்.

ஒன்று மட்டும் கேள்வியில் தெளிவாக இல்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தானா, அல்லது முன்பு அடர்த்தியாக இருந்து இந்த ஒரு வருடத்தில்தான் தட்டையாகிப் போனதா? ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது சாதாரணம், நீள முடி என்பதால் சீப்பில் பந்து பந்தாகத் தெரியும், அதற்குக் கலங்க வேண்டாம். ஆனால் உச்சிக் கோடு அகலமாகிக்கொண்டே வந்தால், களைப்பும் சேர்ந்து இருந்தால், மாதவிடாய் அதிகமாகப் போகிறதென்றால், டொக்டரிடம் கூட்டிப்போய் இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் பற்றி உங்களிடம் சொல்லக் கூச்சப்படுவாள், அதை அம்மா ஃபோனில் கேட்கட்டும்.