அம்மாவுக்கு எத்தனை பூசை?

களியக்காவிளையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: நாங்கள் கத்தோலிக்கர்; அம்மா இறந்த 41-ஆம் நாள் நெருங்குகிறது. இறந்தவர்கள் விண்ணகம் சேருமுன் தூய்மையாக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் பைபிளிலேயே இல்லை, பூசைக்கு (திருப்பலிக்கு) கொடுக்கும் பணம் வீண் என்கிறார் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபையைச் சேர்ந்த என் தங்கையின் கணவர். முப்பது பூசையாவது வைக்காவிட்டால் அம்மா நெருப்பில் கிடப்பாள் என்கிறார் கேரளத்துப் பாறசாலைச் சித்தி. யார் சொல்வதைக் கேட்பது?

அந்தச் சொல் விவிலியத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுத் திருவிவிலியத்தில் 73 நூல்கள். தங்கை கணவரின் வேதாகமத்தில் 66. நீங்கள் காட்ட வேண்டிய பக்கம் அவர் கையில் இல்லை.

அது 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரம். போரில் விழுந்த வீரர்களை அடக்கம் செய்யப் போன யூதா மக்கபே, அவர்களின் உடைக்குள் வேற்றுத் தெய்வங்களின் தாயத்துகளைக் கண்டார். அவர்களின் பாவம் மன்னிக்கப்பட எல்லாரும் வேண்டினார்கள். யூதா இரண்டாயிரம் வெள்ளிக்காசு திரட்டி, பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். உயிர்ப்பில் நம்பிக்கை இல்லாவிட்டால் இறந்தவருக்காக மன்றாடுவது வீண் என்கிறார் நூலாசிரியர். உத்தரிக்கிற ஸ்தலத்தின் வருணனை அங்கே கிடையாது. இறந்தவருக்காக வேண்டலாம், அதற்குப் பயன் உண்டு என்ற நம்பிக்கை இருக்கிறது. திருச்சபை பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

இருவருக்கும் பொதுவான நூலில் என்றால் 1 கொரிந்தியர் 3:11-15. கிறிஸ்து என்ற அடித்தளத்தின்மேல் ஒருவர் வைக்கோலால் கட்டியது தீயில் வெந்துபோகும். அவரோ நெருப்பில் அகப்பட்டுத் தப்பியவர்போல மீட்புப் பெறுவார் என்கிறார் பவுல். முன்பின் வரிகள் சபையைக் கட்டும் ஊழியரைப் பற்றியவை. தங்கை கணவர் அதைச் சொன்னால் மறுக்காதீர்கள், அவர் சரியாகவே வாசித்திருக்கிறார். மீட்கப்பட்டவரும் புடமிடப்படலாம் என்பதற்கு அந்த வரி போதும். கடைசிக் காசு வரை செலுத்தாமல் சிறையிலிருந்து வெளியேற முடியாது என்னும் மத்தேயு 5:26-ஐ மட்டும் வாதத்துக்கு இழுக்காதீர்கள். அது பலவீனமான சாட்சி.

சித்திக்கு அவர் பேசும் மலையாளமே பதில் சொல்லும். அங்கே உத்தரிக்கிற ஸ்தலத்தின் பெயர் சுத்தீகரண ஸ்தலம். நம் சொல்லில் கடன் தீர்க்கும் வாடை. அவர்கள் சொல்லில் கழுவித் துடைக்கும் வேலை. கடவுளின் அருளில் இறந்தும் முழுத் தூய்மை அடையாதவர்களின் நிலை அது, அவர்களுக்கு மீட்பு உறுதி என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி. 1563-இல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் அப்படி ஒரு நிலை உண்டு, நம் மன்றாட்டு, குறிப்பாகத் திருப்பலி, அங்குள்ளோருக்கு உதவும் என்றதோடு நிறுத்திக்கொண்டது. வெப்பத்தின் அளவைச் சொல்லவில்லை; வெறும் ஆர்வம், மூடநம்பிக்கை, பண ஆசை சார்ந்த பேச்சை ஆயர்கள் தடுக்கவேண்டும் என்றும் எழுதிவைத்தது.

இனி எண்ணிக்கை. 30, 41 எல்லாம் மரபு, கட்டளை அல்ல. முடிந்தால் 41-ஆம் நாள் ஒரு பூசைக்குச் சொல்லுங்கள். காணிக்கை பூசையின் விலை அல்ல. கையில் பணம் இல்லாவிட்டால் பங்குத்தந்தையிடம் தயங்காமல் சொல்லுங்கள். காணிக்கை இல்லாமலும் ஏழைகளின் கருத்துக்காகப் பூசை நிறைவேற்றும்படி திருச்சபைச் சட்டமே குருக்களுக்குப் பரிந்துரைக்கிறது.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் அம்மாவுக்காகச் செபியுங்கள். பாவ நாட்டத்தை விட்டு, ஒப்புரவு அருட்சாதனமும் நற்கருணையும் பெற்று, திருத்தந்தையின் கருத்துக்காகவும் வேண்டிக்கொண்டால் அம்மாவுக்குப் பரிபூரண பலனை (பாவத்துக்கான தற்காலிகத் தண்டனை முழுவதும் நீங்குவதை) ஒப்புக்கொடுக்கலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை.