கோயில் மேளத்துக்குக் கையை உதறும் மகன்

அக்கா, திருகோணமலைக் கோணேஸ்வரம் கோயிலில் தவில் தொடங்கியதும் ஓட்டிசம் உள்ள மகன் கையை உதறி முன்னும் பின்னும் ஆடுகிறான், மாமி கையைப் பிடித்து நிறுத்தச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பிடிக்க வேண்டாம்.

ஓட்டிசப் பிள்ளைகளின் இந்த அசைவுகளை உடம்பின் கிளர்ச்சி நிலையோடு, அதாவது உடம்பு எவ்வளவு விழிப்பாக, படபடப்பாக இருக்கிறது என்பதோடு, 1960களிலேயே கொரின் ஹட் என்ற ஆய்வாளரின் குழுவினர் தொடர்புபடுத்தினார்கள். பிறகு இதயத்துடிப்பை அளந்து பார்த்தவர்களுக்கு ஒரே விடை கிடைக்கவில்லை. அசைவுக்கு முன் துடிப்பு ஏறி, பிறகு இறங்கியதும் உண்டு. மாற்றமே தெரியாததும் உண்டு. பயம் மட்டுமா, சந்தோஷமும் துடிப்பை ஏற்றும். அதனால் கையை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். கோயில் இருக்கும் கோட்டைக்குள் மான்களைக் கண்டதும் சிரித்தபடி உதறினால் அது குஷி, உதறட்டும். மேளத்துக்குக் காதைப் பொத்தி, தோளை இறுக்கி, வாசல் பக்கமே பார்த்தால் சத்தம் தாங்கவில்லை. சத்தம் குறைக்கும் ஹெட்போன் போட்டுவிடுங்கள், அல்லது பூசைக்கு முன்பே கும்பிட்டுவிட்டு வாருங்கள். (மாமியைச் சமாளிப்பது தனிக்கதை!)

தலையை இடிப்பது, கையைக் கடிப்பது, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாமல் உறைந்து நிற்பது இருந்தால் மட்டும் தாமதிக்காமல் சிறுவர் வைத்தியரிடம் காட்டுங்கள். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முன்னால் இவன் எதுவும் செய்யாமல் இருக்கக்கூடும்.