ஆளுயரக் கண்ணாடியும் ஒரு சேவலும்

ஐயாவுக்கு வணக்கமுங்க,

நான் கோபிப் பக்கம். வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. குரோம்பேட்டையில் ஹாஸ்டல், எழும்பூரில் ஆபீஸ், தினமும் எலெக்ட்ரிக் டிரெயின். போன வாரம் லேடீஸ் பெட்டி வரைக்கும் ஓட முடியாமல் கிடைத்த பெட்டியில் ஏறிவிட்டேன். நுங்கம்பாக்கத்தில் ஒருவர் ஆளுயர நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அவ்வளவு கூட்டத்தில்! யாருமே எங்கே கொண்டு போகிறீர்கள், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஆளாளுக்கு அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீடியோ எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். பட்டணத்து ஜனங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மாமா எழுதினார். நம்மூர் டவுன் பஸ்ஸில் இப்படி ஒருவர் ஏறியிருந்தால் அடுத்த ஸ்டாப்புக்குள் அவர் ஜாதகமே வெளியே வந்திருக்கும். இங்கே இருக்கிறவர்களுக்கு மனசே இல்லையா, இல்லை நான்தான் பட்டிக்காடா?

அப்புறம் ஒன்று. தை மாதம் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வருகிறார். தூண் மேலே போகிற அந்தப் பறக்கும் ரயிலில் கூட்டிப் போகச் சொல்கிறார். "றெக்கை இருக்குமா கண்ணு?" என்று போனில் கேட்டார். எப்படிக் கூட்டிப் போவது என்று சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாமுங்க.

*

அன்புள்ள அம்மிணி,

பெயரைப் போடவில்லை. கடிதத்தோடு அனுப்பிய வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். முதல் தடவை நானும் உங்களைப் போலச் சிரித்தேன். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, வகிடு சரியாக வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறாரே அந்தப் பெரியவர், அப்புறம் மீசையை வேறு நீவிக்கொள்கிறாரே, அவரை மறக்க முடியாது.

இரண்டாம் தடவை பார்க்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. கண்ணாடிக்காரர் விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்திருக்கிறார். கீழே, அவரோடு வராத யாரோ ஒருவர், போனில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டே தன் ஷூவைக் கண்ணாடியின் அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். வண்டி பிரேக் போடும்போது அந்தக் கால் கொஞ்சம் அழுத்துகிறது, நின்றதும் தளர்கிறது. போன் பேச்சு நிற்கவே இல்லை. இவரைத்தான் மனசில்லாதவர் என்கிறீர்களா?

எனக்கும் அந்த வண்டியோடு பழக்கம் உண்டு. 1996ல் இருந்து ஏழெட்டு வருஷம் சென்னிமலைப் போர்வை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் அலைந்தவன் நான். அப்போது அது மீட்டர் கேஜ் வண்டி, 2004 வரைக்கும் ஓடியது. அந்த வழியில் மின்சார ரயில் வந்தது 1931ல். நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரில் எடுத்த மின்சாரம் நம்ம கோவை மில்களுக்கு வந்ததே அதற்கப்புறம்தான். அதாவது நம்மூர் மில்லுக்குப் பைக்காரா கரண்டு வருவதற்கு முன்னாலேயே அந்த ஜனங்கள் கரண்டு வண்டியில் ஆபீஸ் போய்ப் பழகிவிட்டார்கள். தொண்ணூறு வருஷத்துக்கும் மேலாக ஒரே தடத்தில் போய் வருகிறவர்களுக்கு என்று சில பழக்கங்கள் இருக்கும் இல்லையா?

அதில் ஒன்று காசு கை மாறுவது. நெரிசலில் நகர முடியாத நேரத்தில், கண் தெரியாத வியாபாரி ஒருவர் ரேஷன் கார்டு உறை, ஊக்கு, பேனா எல்லாம் வைத்துக்கொண்டு நடுவில் நிற்பார். ஓரத்தில் இருப்பவர் ஒரு ஐம்பது ரூபாயை நீட்டுவார். அது ஐந்து கை மாறிப் போகும். வியாபாரி நோட்டின் நீளத்தை விரலில் அளந்து பார்த்துவிட்டு மீதியைக் கொடுப்பார், அது அதே ஐந்து கை வழியாகத் திரும்பி வரும். நடுவில் இருப்பவர்கள் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார்கள். நான் போய் வந்த காலத்தில் ஒரு ரூபாய் குறைந்து பார்த்ததில்லை. அவரிடம் ஒரு நாள் கேட்டேன், ஸ்டேஷன் எப்படித் தெரிகிறது என்று. சைதாப்பேட்டை தாண்டி அடையாற்றுப் பாலம் வந்தால் சத்தம் மாறுமே சார், அப்பவே சரக்கைக் கட்ட ஆரம்பிச்சுடுவேன், கிண்டி வர்றதுக்குச் சரியா இருக்கும் என்றார். அதுவரைக்கும் எனக்கு அந்தச் சத்தம் மாறுவது தெரியாது. அதற்கப்புறம் அந்தப் பாலத்தைக் கேட்காமல் கடந்ததே இல்லை.

லேடீஸ் பெட்டி விஷயம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஓடுகிற வண்டியில் பூக்கட்டுவார்கள், வண்டி நிற்கிற அரை நிமிடத்துக்காகக் காத்திருந்து கண்ணுக்கு மை இழுப்பார்கள் என்று என் தங்கை சொல்வாள். ஆயுத பூஜைக்கு சீசன் டிக்கெட்காரர்கள் பெட்டிக்கு மாலை போட்டுப் பொரிகடலை கொடுப்பதை நானே வாங்கித் தின்றிருக்கிறேன். பெட்டியின் தகரத்தில் தாளம் போட்டுக் கானா பாடும் காலேஜ் பையன்கள், பாட்டோடு நிற்கிற வரைக்கும் எனக்குப் பிடிக்கும். ரூட்டு தல (அந்த ரூட்டுப் பையன்களுக்குத் தலைவன்), கத்தி என்று இறங்கினால் அது போலீஸ் சமாச்சாரம், நாம் பேசுகிற வேடிக்கையில் சேராது.

இதற்கே இப்படி என்றால் பம்பாய்க்குப் போனால் என்ன சொல்வீர்களோ. போர்வை ஆர்டருக்காக ஈரோட்டில் குர்லா எக்ஸ்பிரஸ் பிடித்து மூன்று நான்கு தடவை போயிருக்கிறேன். ரயிலில் சாப்பாட்டு டப்பா கொண்டுபோய்க் கொடுக்கிற டப்பாவாலாக்களைப் பற்றி ஊரே எழுதிவிட்டது, விடுங்கள். எனக்குப் பிடித்தது சீப்பு. பழைய பெட்டிகளில் ஸ்விட்சைப் போட்டாலும் மின்விசிறி முனகிக்கொண்டு அப்படியே நிற்கும். உடனே ஒருவர் எழுந்து சீப்பைக் கம்பி இடுக்கில் விட்டு இறக்கையை ஒரு தட்டுத் தட்டுவார், சுற்ற ஆரம்பித்துவிடும். முழு வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் பையிலிருந்து சீப்பை எடுத்தபோதுதான் அங்கே சீப்பு எதற்கு என்று எனக்குப் புரிந்தது. மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்காருவது அங்கே சட்டம் மாதிரி. வாயால் கேட்க மாட்டார்கள், கையை லேசாக ஒரு பக்கம் அசைப்பார்கள், மூன்று பேரும் நகர்ந்துவிடுவார்கள். சாயங்கால வண்டியில் பெண்கள் பட்டாணி உரித்து, கீரை ஆய்ந்து, வீட்டுக்குப் போனதும் அடுப்பில் வைக்கத் தயாராகக் கொண்டுபோவார்கள். தாதர் ஸ்டேஷனில் இரண்டு ஒன்றாம் நம்பர் பிளாட்பாரம் இருந்தது, மேற்கு ரயில்வேக்கு ஒன்று, மத்திய ரயில்வேக்கு ஒன்று. 2023 டிசம்பரில்தான் வரிசையாக நம்பரை மாற்றினார்கள். அத்தனை வருஷம் அத்தனை ஜனமும் எந்த ஒன்றாம் நம்பர் என்று விசாரித்து விசாரித்தே போய்ச் சேர்ந்திருக்கிறது! நான் ஒரு தடவை மூட்டையோடு தப்பான ஒன்றில் நின்று வண்டியை விட்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்மூரில் கீரை ஆய்வதற்குத் திண்ணை இருக்கிறது, பூக்கட்ட வாசல்படி இருக்கிறது, சீட்டாட வேப்பமரத்தடி இருக்கிறது. ஒற்றை அறையில் நான்கு பேர் இருக்கிற ஊரில் இதையெல்லாம் எங்கே வைத்துச் செய்வது? ஒரு நாளைக்குப் போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம் உட்காரக் கிடைக்கிற இடம் இந்த ரயில்தான். அதனால் அதைத் திண்ணையாக்கிக்கொண்டார்கள். நீங்கள் தெருவில் நடந்து போகிறீர்கள், ஒரு அம்மா தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தலை சீவுகிறார், நின்று ஏன் சீவுகிறீர்கள் என்று கேட்பீர்களா? பார்த்தும் பாராமல் போவீர்கள். அந்தப் பெட்டியில் இருநூறு திண்ணை ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு இருக்கிறது, அவ்வளவுதான். மெட்ரோவில் இது கிடையாது. 2015ல் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே ஆரம்பித்த புதிதில் போனேன். சுத்தம், குளிர்ச்சி, எல்லாரும் தங்களைத் தாங்களே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

என் சேவல் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1998. தங்கைக்குப் பல்லாவரத்தில் பிரசவமாகிப் பதினைந்து நாள். சாறு வைத்துக் கொடு என்று அம்மா ஒரு நாட்டுச் சேவலை ஒயர் கூடையில் போட்டு, மேலே சாக்கைச் சுற்றிக் கொடுத்துவிட்டார். ஊரிலிருந்து ஈரோடு வருகிற வரைக்கும் பஸ்ஸில் விசாரணை. என்ன விலை, எத்தனை மாசக் குஞ்சு, யாருக்குப் பிரசவம், பையனா பொம்பளப் பிள்ளையா, தலைப்பிரசவத்துக்கு ஏன் தாய்வீட்டுக்கு வரவில்லை. கடைசிக் கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே பதில் இல்லாமல் இருந்தது. அதை ஒரு பஸ் முழுக்கக் காது தீட்டிக்கொண்டு கேட்டது. கண்டக்டர் சேவலுக்கு அரை டிக்கெட் போடட்டுமா என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கச் சேவல் மூச்சு விடவில்லை. விடிந்து, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டியில் வெண்டர் பெட்டியில் ஏறினேன். வெயில் உள்ளே விழுந்ததும் ஆரம்பித்துவிட்டது. சேத்துப்பட்டில் ஒரு கூவல். நுங்கம்பாக்கத்தில் இரண்டு. கோடம்பாக்கத்தில் வண்டி நின்றபோது கழுத்தைச் சாக்குக்கு வெளியே நீட்டி அது போட்ட சத்தத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எதிரே பேப்பர் படித்தவர் பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். ஒருத்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை. உங்களைப் போலத்தான் எனக்கும் அன்றைக்குத் தோன்றியது, என்ன ஜனமடா இது என்று.

பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மல்லிகை மேலே போட்டிருந்த ஈரத்துணியை எடுத்தார், என்னைக் கேட்காமலே கூடை மேல் போட்டு நான்கு பக்கமும் செருகிவிட்டார்.

"இருட்டு பண்ணிட்டா கம்முனு இருக்கும்பா."

இருந்தது. மாம்பலத்தில் அவர் இறங்கும்போது துணியை எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாம், வெயில் ஏறுது, இருக்கட்டும் என்று பூக்கூடை மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சேவல் யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கடைசிக் கேள்வி வரைக்கும் போயிருக்கும், நான் இன்னொரு தடவை விழித்திருப்பேன்.

நம்மூர்க் கேள்விகளை நான் குறை சொல்லவில்லை. ஒருவர் வீட்டில் விசேஷமோ துக்கமோ, அந்தக் கேள்விகள்தான் ஆளைக் கூட்டி வருகின்றன. ஆனால் நீங்கள் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று செய்தீர்கள் அம்மிணி. கேட்கவும் இல்லை, கண்டுகொள்ளாமல் விடவும் இல்லை. படம் பிடித்துக் குழுவில் போட்டீர்கள். வீடியோவின் கடைசியில், வண்டி மாம்பலத்தில் நிற்கும்போது, கண்ணாடி லேசாகத் திரும்புகிறது. ஒரு நொடி நீங்களே அதில் தெரிகிறீர்கள், முகம் இல்லை, முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்த போன்தான் தெரிகிறது. நான்காவது தடவை பார்த்தபோதுதான் அதைக் கவனித்தேன். அந்தப் பெட்டியில் தலை வாராத ஒரே ஆள் நீங்கள்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த மீசைக்காரப் பெரியவரின் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் பார்க்க நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்துப் பார்த்து, முடிந்தால் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். மாமா சிரித்து முடித்திருப்பார்.

அமுச்சி விஷயம். காலை ஆபீஸ் கூட்டம் அடங்கியபின் வேளச்சேரியில் ஏறுங்கள். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது, ஜன்னல் கிடைக்கும். வலப்பக்கமாக உட்கார வையுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். கட்டிட இடுக்கில் நீலமாக ஏதாவது தெரிந்தாலும் தெரியும். வழியெல்லாம் மாடி வீடுகளின் துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கண்ணுக்கு நேராக வரும், அமுச்சிக்குக் கடலைவிட அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஸ்டேஷன்கள் பூதாகரமாக, ஒரு கல்யாண மண்டபத்தை உள்ளே வைக்கிற அளவுக்கு, ஆளில்லாமல் கிடக்கும். இவ்வளவு பெரிசு யாருக்கு என்று நிச்சயம் கேட்பார், பதில் யோசித்து வையுங்கள்.

முக்கியமானது, பீச் பார்க்க வேண்டுமென்றால் பீச் ஸ்டேஷனில் இறங்கக் கூடாது. அங்கே பீச் கிடையாது, துறைமுகம்தான். பெயரைப் பார்த்து ஏமாந்து ஒரு தடவை என் மாமனாரைக் கடைசி வரைக்கும் கூட்டிப் போய், அவர் அங்கிருந்து வீடு வரும் வரைக்கும் என்னோடு பேசவில்லை. திருவல்லிக்கேணியில் இறங்கி மெரினாவுக்கு நடந்துவிடுங்கள். படி நிறைய இருக்கும், முழங்கால் வலி உண்டென்றால் லிஃப்ட் ஓடுகிறதா என்று முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். றெக்கை விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.